பெல்ட்டைக் கழற்றிய பிறகு: வீட்டார் செய்யக்கூடாத தவறுகள்

வேலூர் சத்துவாச்சாரியில் தெருவுக்கு ஒருவராவது பளு தூக்கியிருப்பார். காமன்வெல்த் போட்டிகளில் 2014-லும் 2018-லும் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் இந்த ஊர்க்காரர்தான். ஆனால் ஸ்டேட் மீட்டோடு, அதாவது மாநிலப் போட்டியோடு நின்றுபோனவர்களே அதிகம். என் பெரியப்பா மகன் அதில் ஒருவர்.

முதுகு போனதும் இனி தூக்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். அப்புறமும் அண்ணனுக்கு விடிகாலை நாலரைக்கே விழிப்பு வந்துவிடும். போக இடமில்லை. பளு தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட்டை எடுத்துத் துடைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பெரியம்மா பழக்கத்தில் ஆறு முட்டை அவித்து வைப்பார். இவரும் பழக்கத்தில் சாப்பிடுவார். நாலு மாதத்தில் சட்டைப் பொத்தான் பூட்டவில்லை.

நாங்கள் செய்த முதல் தவறு, "அதான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை கிடைச்சிடுச்சே, இன்னும் என்ன கவலை?" என்று கேட்டது. பன்னிரண்டு வயதிலிருந்து ஊரே 'லிஃப்டர்' என்று கூப்பிட்ட ஆள். அந்தப் பெயர் போனால் தான் யார் என்பதுதான் அவர் கவலை. சம்பளம் அதற்குப் பதில் ஆகாது. உளவியலில் இதை விளையாட்டு அடையாளம் என்கிறார்கள். அது ஒன்றையே பிடித்துக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு விலகல் ரொம்பக் கஷ்டம். தானாக முடிவெடுத்து விலகினால் ஓரளவு சமாளிக்கலாம். காயமோ செலக்‌ஷன் கமிட்டியோ வெளியே தள்ளினால் மனசு ஆற நாளாகும்.

ஜெயித்தவர்களுக்கு இதெல்லாம் வராது என்பதும் தப்புக் கணக்கு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கத்துக்குப் பிறகு தன்னைப் பிடித்த வெறுமையைத் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 23 ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸும் மனச்சோர்வோடு போராடியவர்.

பயிற்சியை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. டாக்டரும் பிசியோவும் அனுமதிக்கிற உடற்பயிற்சி ஏதாவது தொடர வேண்டும், சாப்பாட்டை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். அதற்காக மறுவாரமே கையில் விசிலைக் கொடுத்து கோச்சாக நிறுத்திவிடவும் கூடாது. அண்ணனை அப்படித்தான் நிறுத்தினோம். பளுக் கம்பி மேல் இருந்த கோபத்தையெல்லாம் பிள்ளைகள் மேல் காட்டினார்.

கல்யாண வீட்டில் "இப்போ எவ்வளவு தூக்குற?" என்று கேட்கிறவர்களை ஒன்றும் செய்ய முடியாது, விடுங்கள். ஆனால் தூக்கம் கெட்டு, குடி கூடி, யாரோடும் பேசாமல் ஒதுங்கினால், "ஆம்பளைப் பையன், தானா தேறிடுவான்" என்று இருந்துவிடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அண்ணன் எண்ணை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் கழித்துத்தான் அழைத்தார்.

இப்போது காலையில் நடக்கப் போகிறார். முட்டை மூன்றாகிவிட்டது. பெரியம்மாவுக்குத்தான் அதில் இன்னும் மனசே ஆறவில்லை.