வால்வு கிட்டார் ஆம்பிளிஃபயரில் மின்மாற்றியையும் ஸ்டாண்ட்பை சுவிட்சையும் இணைக்கும் முறை
ஆம்பிளிஃபயரின் உள்ளே 400 வோல்ட்டைத் தாண்டும் டிசி மின்னழுத்தம் இருப்பதால், பிளக்கைக் கழற்றிய பின்னரும் மின்தேக்கிகளை மீட்டரால் அளந்து, அளவு சுழியத்தை நெருங்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

முதல் வேலையாக எர்த் கம்பியைச் சேசிஸில் (ஆம்பிளிஃபயரின் உலோகச் சட்டகத்தில்) தனிப் போல்ட்டில், பல்வாஷர் இட்டு இறுக்குங்கள். பேஸ் கம்பி ஃபியூஸ், பவர் சுவிட்ச் ஆகியவற்றைக் கடந்தே மின்மாற்றியின் முதன்மைச் சுருளை அடைய வேண்டும். ஏசியை டிசியாக மாற்றும் ஜிஇசட் 34 ரெக்டிஃபயர் வால்வில், 5 வோல்ட் சுருளை 2, 8 ஆகிய பின்களிலும், உயர் மின்னழுத்தச் சுருளின் இரு முனைகளை 4, 6 ஆகிய பின்களிலும் பற்றவையுங்கள்; அச்சுருளின் நடுமுனை முதல் மின்தேக்கியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனைக்கே நேராகச் செல்லட்டும், ஏனெனில் சேசிஸில் கண்ட இடத்தில் இணைத்தால் ஒலிபெருக்கியில் இரைச்சல் கேட்கும். வால்வுகளின் இழைகளைச் சூடாக்கும் 6.3 வோல்ட் கம்பிகளை நெருக்கமாக முறுக்கிவிடுங்கள்.

ஸ்டாண்ட்பை சுவிட்சை (வால்வுகள் சூடாக இருக்கும்போதே உயர் மின்னழுத்தத்தை மட்டும் நிறுத்தும் சுவிட்ச்), டிசி வெளிவரும் 8ஆம் பின்னுக்கும் முதல் மின்தேக்கிக்கும் இடையே வைப்பதை நான் ஏற்பதில்லை; சூடேறிய வால்வு காலியான மின்தேக்கியை ஒரே நொடியில் நிரப்ப நேர்வதால், வால்வினுள்ளே பொறி பறக்கக்கூடும். முதல் மின்தேக்கிக்கு அடுத்து வைப்பதே நல்லது. 250 வோல்ட் ஏசி என்று மட்டும் அச்சிட்ட சுவிட்ச் இங்குள்ள உயர் டிசி மின்னழுத்தத்துக்கு உதவாது. சுவிட்சின் இருபுறத்து மின்தேக்கிகளுக்கும் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் மின்தடை ஒவ்வொன்றைப் பற்றவைத்தால், சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் தேங்கிய மின்னூட்டம் வடிந்துவிடும்.