சாம்பல் குளத்து மண்கரை: அபாய வகுப்பு எழுதுவது எப்படி

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்ட ஊர் எங்களுடையது. செம்பனை ஓடும் நாரும் எரித்து மின்சாரம் எடுக்கும் சிறு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சாம்பல் கரைசல் தேங்கும் குளத்தைச் சுற்றி 5 மீட்டர் உயர மண்கரை. அதன் அபாய வகுப்புப் படிவத்தை நிரப்பும் வேலை போன வருடம் என் தலையில் விழுந்தது. கரையைச் சுற்றி நடந்தேன். விரிசல் இல்லை, கசிவு இல்லை, புல்லும் நன்றாகப் பிடித்திருந்தது. 'குறைந்த அபாயம்' என்று எழுதிக் கொடுத்தேன். பொறியாளர் படித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, நீ கரைக்கு மார்க் போட்டிருக்க. நான் கேட்டது, கரை உடைஞ்சா தண்ணி யார் வீட்டுக்குப் போகும்னு."

அதனால் முதலில் இரண்டு தாள் எடுங்கள். ஒன்று அபாய வகுப்புக்கு, இன்னொன்று கரையின் நிலைக்கு. இரண்டையும் கலக்காதீர்கள். நேற்றுக் கட்டிய அருமையான கரையாக இருந்தாலும் கீழே வீடுகள் இருந்தால் அது உயர் அபாயம்தான். இடிந்து விழப்போகிற கரைக்குக் கீழே வெறும் சதுப்பு மட்டும் என்றால் வகுப்பு குறைவு. (அதற்காக அதைப் பழுது பார்க்காமல் விடலாம் என்று அர்த்தமில்லை.)

நாங்கள் அமெரிக்கக் கூட்டாட்சி முறையின் மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டோம். கரை உடைந்தால் உயிர் போகக்கூடும் என்றால் 'உயர்'. ஓர் உயிர் என்றாலும் போதும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சாலை, ஆறு, அடுத்தவர் சொத்து பாழாகும் என்றால் 'குறிப்பிடத்தக்க'. சேதம் பெரும்பாலும் உரிமையாளர் நிலத்தோடு நின்றுவிடும் என்றால் 'குறைந்த'. 1972-இல் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் நிலக்கரிக் கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். 2008 டிசம்பர் 22 அன்று டென்னசியின் கிங்ஸ்டன் மின் நிலையத்தில் கரை சரிந்து சுமார் 40 லட்சம் கன மீட்டர் சாம்பல் சேறு வெளியேறியது. வீடுகள் நாசமாயின, அந்த இரவில் யாரும் சாகவில்லை. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கரைக்குக் கீழே யார் தூங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இனி என்னைக் கவிழ்த்த இடம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்க, இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயர வரைபடத்தைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தேன். தோட்டம் முழுவதும் எங்கள் கரையைவிட உயரமாகக் காட்டியது. நிம்மதியாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: அந்த வரைபடம் காட்டுவது மண்ணை அல்ல, பெரும்பாலும் செம்பனை மட்டையை. வளர்ந்த மரம் 10 மீட்டரைத் தாண்டும், கரையோ 5 மீட்டர். எங்கள் மாதிரி தட்டையான நிலத்தில் இந்தப் பிழை ஒன்றே முடிவைத் தலைகீழாக்கிவிடும்.

கைபேசி ஜிபிஎஸ் காட்டும் உயரத்தையும் நம்பாதீர்கள், சில மீட்டர் தாராளமாகத் தவறும். எனக்குப் பிடித்தது நில மட்டம் பார்க்கும் பழைய லெவல் கருவியும் அளவுக்கோலும்தான். இரண்டு பேர், ஒரு காலை போதும். கரை உச்சியிலிருந்து கால்வாய், மண் ரோடு, லயத்து வீட்டுத் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) திண்ணை என்று அளந்துகொண்டே போங்கள். ரோட்டுக்கடியில் கல்வெர்ட் (தண்ணீர் கடந்துபோகும் வழி) இருந்தால் கட்டாயம் குறியுங்கள். எங்கள் ரோடு அணை மாதிரி தண்ணீரைத் தடுக்கும் என்று நினைத்திருந்தேன். கல்வெர்ட் அதை நேரே பெரட்டுக் களத்துக்குக் கொண்டுபோகும் என்பது லெவல் எடுத்த பிறகுதான் தெரிந்தது. விடிவதற்கு முன்னால் ஆட்கள் கூடுகிற இடம் அது. வகுப்பு 'உயர்' ஆனது.

கணக்கு போடும்போது குளம் நிரம்பி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மழையில்லாத நாள் ஒன்று, அடைமழை நாள் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனியாக. நேரம் இரவு என்றே வையுங்கள்.

இரண்டாவது தாள் சுலபம். உச்சியில் நீளவாட்டு விரிசல், சரிவில் வீக்கம், உடும்பு வளை, வேரோடிய மரம், அடைத்த மிகைநீர்ப் போக்கி, இவற்றைப் பாருங்கள். கரையடியில் கசிவு கண்டால் வாளி வைத்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று எழுதுங்கள். தெளிவாக வந்தால் தொடர்ந்து கவனியுங்கள். கலங்கி வந்தால் கரையின் மண்ணையே தண்ணீர் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது, உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள். அமெரிக்காவின் 2015 நிலக்கரிச் சாம்பல் விதி 7 நாளுக்கு ஒருமுறையாவது பார்வையிடச் சொல்கிறது, வகுப்பை 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி எழுதச் சொல்கிறது. நம்முடையது நிலக்கரி இல்லைதான், ஆனாலும் இந்தப் பழக்கத்தை நாங்களும் பிடித்துக்கொண்டோம். நிலைத்தன்மைக் கணக்கும் கையெழுத்தும் பொறியாளர் வேலை, அதில் கை வைக்காதீர்கள்.

பின்னர் சேர்த்தது: "லயம் காலிதானே, ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நம் ஆட்கள் டாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) குடிபோய்விட்டார்கள், சரி. ஆனால் எங்கள் லயத்தில் இப்போது வங்காளதேசத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பகலில் போனால் பூட்டிக் கிடக்கும். இரவு எட்டு மணிக்குப் போய் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள்.

இன்னொருவர் கரையடியில் உள்ள கோயிலைப் பற்றிக் கேட்டார். சாதாரண நாளில் பூசாரி மட்டும்தான், திருவிழாவில் ஊரே அங்கே நிற்கும். எங்களிடமும் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. நான் சேர்த்துவிட்டேன். திருவிழாத் தேதியைக் கோயில் கமிட்டியிடம் வாங்கி, அந்த வாரம் குளத்து மட்டத்தை இறக்கியே வைக்கிறோம். அவசரத் திட்டத்தில் தோட்ட மேனேஜரின் எண்ணுக்கு அடுத்தபடியாகக் கமிட்டித் தலைவரின் எண் இருக்கிறது.