சிந்த்பாப் ப்ளேலிஸ்ட் போடுறது எப்படி: எந்தப் பாட்டுல ஆரம்பிச்சு எங்க போய் நிறுத்தணும்

சிந்த்பாப்னா சிந்தசைசர், அதாவது மின்சாரத்துல சத்தம் உண்டாக்குற கீபோர்ட் மாதிரி வாத்தியம், அதை வச்சு செஞ்ச பாப் பாட்டு. "எய்ட்டீஸ் சிந்த் பாட்டெல்லாம் கேக்கணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது"ன்னு யாராவது கேட்டா உடனே 100 பாட்டு லிஸ்ட் ஒண்ணை அனுப்பி வச்சிடுறாங்க, அதுல பெரிய ஹிட்டு எல்லாம் வரிசையா இருக்கும், கேக்க ஆரம்பிச்சவங்க ஏழெட்டு பாட்டுலயே அலுத்துப் போய் விட்டுடுவாங்க, ஏன்னா எல்லாமே ஒரே சத்தம் மாதிரி காதுல விழும். பாட்டெல்லாம் நல்ல பாட்டுதான், வரிசைதான் சரியில்ல.

நான் வரிசை போடுறது எப்படின்னா, வருஷத்தையும் பாக்க மாட்டேன், சார்ட்ல எத்தனாவது இடம்னும் பாக்க மாட்டேன். இந்த இசையோட உயிரே மெஷினும் மனுஷக் குரலும் எதிரெதிரா நிக்கிறதுலதான் இருக்கு, பின்னாடி இம்மி பிசகாம ஒரு மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும், முன்னாடி ஒருத்தர் தவிச்சுக்கிட்டு பாடுவாரு. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் பாட்டுக்குப் பாட்டு மாறும், அந்த மாற்றம் காதுல ஒண்ணொண்ணா விழற மாதிரி அடுக்கினா போதும், மத்ததெல்லாம் தானா பிடிபடும்.

முதல்ல ஒரு விஷயம், ஃபோன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க. இந்தப் பாட்டுகள்ல பாதி வேலையை பேஸ்தான், அதாவது அடியில கேக்கற கனமான சத்தம்தான் செய்யுது, ஃபோன் ஸ்பீக்கர்ல அது சுத்தமா காணாமப் போயிடும், மிஞ்சுறது மேல் ஸ்வரம் மட்டும்தான். சாதாரண ஹெட்ஃபோன் போதும், ஆனா ரெண்டு காதுலயும் மாட்டணும், ஷஃபிளை ஆஃப் பண்ணிடணும்.

ஆரம்பம் டோனா சம்மரோட "ஐ ஃபீல் லவ்", 1977. இது டிஸ்கோ ஆச்சேன்னு சில பேர் சண்டைக்கு வருவாங்க, வரட்டும், ஆனா பின்னாடி வந்த எல்லாத்துக்கும் விதை இதுலதான் இருக்கு. பாட்டைத் தயாரிச்ச ஜார்ஜியோ மொரோடரோட டீம் மூக் சிந்தசைசரை வச்சு அந்த பேஸை செஞ்சாங்க, இதை ஹெட்ஃபோன்ல கிட்டப் போய் கேளுங்க: இடது காதுல ஒரு ஸ்வரம் விழும், அதே ஸ்வரம் ஒரு கண் சிமிட்டுற நேரம் தள்ளி வலது காதுல விழும், இப்படி ரெண்டும் மாறி மாறி விழறதாலதான் பேஸ் அவ்வளவு வேகமா துடிக்கிற மாதிரி இருக்கு. ஒரு காது ஹெட்ஃபோனை எடுத்துட்டு கேளுங்க, வேகம் பாதியா குறைஞ்ச மாதிரி ஆயிடும், திரும்ப மாட்டினா பழையபடி பறக்கும். இதுல இன்னொரு அழகு என்னன்னா அந்த கிக் டிரம்மை மட்டும் கீத் ஃபோர்ஸின்னு ஒரு டிரம்மர் காலாலதான் வாசிச்சாரு, ஏன்னா சிந்த்ல அந்த அடி சரியா விழலை. மெஷின் நடுவுல ஒரு மனுஷன் மெஷின் மாதிரியே அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, அதுக்கு மேல டோனா சம்மர் குரல் மிதக்குது.

இதுக்கு அடுத்து க்ராஃப்ட்வெர்க்கோட "தி மாடல்". ஜெர்மனியில டியூசெல்டார்ஃப் ஊர்க்காரங்க, 1978 ஆல்பத்துல வந்த பாட்டு இது, பிரிட்டன்ல நம்பர் ஒன் ஆனது 1982 பிப்ரவரியில, அதாவது ஊர் உலகம் அந்தச் சத்தத்துக்குப் பழக நாலு வருஷம் ஆகியிருக்கு. குரல்ல உணர்ச்சியே இல்லாத மாதிரி பாடுவாங்க, ஆனா ட்யூன் மனசுல ஒட்டிக்கும். இங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், மினிமூக் மாதிரி அந்தக் கால சிந்த் நிறைய ஒரு நேரத்துல ஒரே ஒரு ஸ்வரம்தான் வாசிக்கும், பல ஸ்வரத்தை சேர்த்து அமுக்குற கார்டெல்லாம் பிடிக்க முடியாது. அதனால பேஸ் ஒரு கோடு, மேல் ட்யூன் ஒரு கோடு, நடுவுல இன்னொரு கோடுன்னு தனித்தனியா வாசிச்சு ஒண்ணு மேல ஒண்ணு ரெக்கார்ட் பண்ணாங்க, ஒவ்வொரு கோடும் தனியா நின்னாலும் பாடிக்கிற மாதிரி இருக்கும். இந்தப் பாட்டுகளை வாயால முணுமுணுக்க இவ்வளவு ஈசியா இருக்கறதுக்குக் காரணமே அதுதான்னு நான் நினைக்கிறேன். கேக்கும்போது ஒரு தடவை பேஸ் பின்னாடி மட்டும் போங்க, அடுத்த தடவை மேல இருக்கற ட்யூன் பின்னாடி மட்டும் போங்க.

மூணாவது கேரி நியூமன். பங்க்ங்கற முரட்டு கிட்டார் இசையில ரெக்கார்ட் போட ஸ்டுடியோவுக்குப் போனவரு அங்க யாரோ விட்டுட்டுப் போன மினிமூக் ஒண்ணைப் பாத்தாரு, தட்டிப் பாத்தாரு, அவ்வளவுதான், கதையே மாறிடுச்சு. ட்யூப்வே ஆர்மிங்கற அவரோட பேண்ட் பேர்ல வந்த "ஆர் ஃப்ரெண்ட்ஸ் எலெக்ட்ரிக்" 1979-ல பிரிட்டன்ல நம்பர் ஒன், அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓடும், பாடித் திரியற மாதிரி கோரஸ் கூட கிடையாது. ஆனா ப்ளேலிஸ்ட்டுக்கு நான் வைக்கிறது அதே வருஷம் வந்த "கார்ஸ்". டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் ஆள் வாசிச்சது, அதுக்கு மேல பாலிமூக் சிந்த் பெரிய சுவர் மாதிரி எழும்பும், பிற்பாதி முழுக்க கிட்டத்தட்ட வாத்தியம்தான். இங்க மனுஷன் மெஷினுக்குள்ள போய் கதவை சாத்திக்கிட்டாரு.

இனிமேதான் குரல் திரும்ப வரணும். அதுக்கு ஹியூமன் லீக்கோட "டோன்ட் யூ வாண்ட் மீ" மாதிரி இன்னொரு பாட்டு கிடையாது. ஷெஃபீல்ட் பேண்ட், 1980-ல ரெண்டு பேர் பிரிஞ்சு போய் ஹெவன் 17 ஆரம்பிச்சுட்டாங்க, பாடகர் ஃபில் ஓக்கி ஒரு நைட் கிளப்புல ஆடிக்கிட்டிருந்த ஜோவான் கேத்தரால், சூசன் ஆன் சல்லின்னு ரெண்டு ஸ்கூல் பொண்ணுங்களை பேண்டுல சேர்த்துக்கிட்டாரு, அவங்க தொழில்முறைப் பாடகிகளே இல்ல. இப்ப பாட்டுக்கு வாங்க. முதல் சரணம் ஓக்கி, உன்னை நான்தான் ஆளாக்கினேன், என்னை விட்டுட்டுப் போயிடுவியான்னு ஒரு மாதிரி மிரட்டுறாரு. கேக்கறவங்க அவர் பக்கம் சாய ஆரம்பிக்கிற நேரத்துல ரெண்டாவது சரணத்துல சூசன் வராங்க, அதே ட்யூன், அதே கதை, ஆனா அவங்க பக்கத்துலேருந்து, அலட்டலே இல்லாத குரல்ல, நீ இல்லாட்டியும் நான் வந்திருப்பேன்னு சொல்லிட்டுப் போறாங்க. பயிற்சி எடுத்த குரலா இருந்தா அந்த இடம் இப்படி சுடாது. பின்னாடி லின் எல்எம்-1 டிரம் மெஷின், நிஜ டிரம் சத்தத்தை சிப்புல பதிஞ்சு வச்ச மெஷின் அது, ரெண்டு பேர் சண்டையைப் பத்தியும் கவலையே படாம அதே அடியை அடிச்சுக்கிட்டே இருக்கும். 1981 கிறிஸ்துமஸ் நேரத்துல பிரிட்டன்ல நம்பர் ஒன் இதுதான், இத்தனைக்கும் இதை சிங்கிளா, அதாவது தனிப் பாட்டா விடவே ஓக்கிக்கு இஷ்டமில்ல, ஆல்பத்துல கடைசி பாட்டா தள்ளி வச்சிருந்தாங்க.

அடுத்தது ஒரு சின்னப் பயிற்சி. சாஃப்ட் செல்லோட "டெயிண்டட் லவ்" எல்லாருக்கும் தெரியும், 1981, ஆனா அது பழைய பாட்டு, எட் காப் எழுதி க்ளோரியா ஜோன்ஸ் 1960கள்லயே பாடினது. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க. க்ளோரியா ஜோன்ஸ் பாட்டுல பேண்டே அவங்களோட ஓடும், ட்ரம்பெட்டு எல்லாம் சேர்ந்து கோபப்படும். சாஃப்ட் செல்லுல கீபோர்ட் வாசிச்ச டேவ் பால் எல்லாத்தையும் உருவிட்டு ரெண்டு மூணு சத்தத்தை மட்டும் விட்டு வச்சாரு, வேகத்தையும் குறைச்சாரு, மார்க் ஆல்மண்ட் அந்த வெத்து இடத்துல தனியா நின்னு பாடுறாரு. வரி அதேதான், ஆனா முதல்ல கோபம், இங்க தனிமை. சிந்த்பாப் ஒரு பாட்டை என்ன பண்ணும்னு யாருக்காவது சொல்லணும்னா இந்த ஜோடியைப் போட்டுக் காட்டினாலே போதும். அமெரிக்காவுல இது ஹாட் 100 லிஸ்ட்ல 43 வாரம் இருந்துச்சு.

வின்ஸ் கிளார்க்குக்கு தனியா ஒரு இடம் ஒதுக்குங்க. டிபெஷ் மோடுங்கற பிரிட்டிஷ் பேண்டுக்கு 1981-ல "ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்" எழுதினவரு, அந்த வருஷக் கடைசியிலயே பேண்டை விட்டு வெளிய வந்தாரு, அடுத்த வருஷம் அலிசன் மோயேவோட யாஸூ ஆரம்பிச்சு "ஒன்லி யூ" போட்டாரு, 1985-ல ஆண்டி பெல்லோட இரேஷர். மனுஷன் எப்பவும் ஒரே மாதிரி கச்சிதமான மெஷின் கட்டுறாரு, பாடுறவங்க மாற மாற பாட்டோட குணமே மாறிடுது. "ஒன்லி யூ"ல அலிசன் மோயே ப்ளூஸ் பாட வேண்டிய குரலை வச்சுக்கிட்டு அவ்வளவு அடக்கிப் பாடியிருப்பாங்க, பின்னாடி குட்டி குட்டியா சிந்த் ஸ்வரங்கள் மட்டும். எனக்கு இந்த வகை இசையிலயே ரொம்பப் பிடிச்ச ஒரு பாட்டைச் சொல்லுன்னு கேட்டா யோசிக்காம இதைத்தான் சொல்லுவேன்.

நடுவுல கிட்டார் பக்கம் போயிட்டு வரணும், இல்லன்னா காது மரத்துடும். நியூ வேவுங்கறது பங்க் வந்த சூட்டுல கிளம்பினது, சிந்த் இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம், ஆனா நறுக்குன்னு இருக்கும். ப்ளாண்டியோட "ஹார்ட் ஆஃப் க்ளாஸ்", தி கார்ஸோட "ஜஸ்ட் வாட் ஐ நீடட்", டீவோவோட "விப் இட்", எக்ஸ்டிசியோட "மேக்கிங் ப்ளான்ஸ் ஃபார் நைஜல்", இதுல ரெண்டு போதும். நான் ப்ளாண்டியை கண்டிப்பா வைப்பேன், அதுல ரோலண்ட் ரிதம் மெஷினும் நிஜ டிரம்மும் சேர்ந்தே ஓடும், ரெண்டு உலகத்துக்கும் பாலம் மாதிரி.

இப்ப சோகத்துக்கு இடம் குடுங்க. அல்ட்ராவாக்ஸோட "வியன்னா" மெதுவா ஒரு இதயத்துடிப்பு மாதிரி ஆரம்பிச்சு கடைசியில பியானோ, வயோலான்னு பெருசா விரியும். ஜப்பான்ங்கற பிரிட்டிஷ் பேண்டோட "கோஸ்ட்ஸ்" இன்னும் விசேஷம், தாளமே கிடையாது, அப்படி ஒரு பாட்டு 1982-ல பிரிட்டன்ல அஞ்சாவது இடம் வரைக்கும் போச்சு. ஓஎம்டிங்கற பேண்டோட "எனோலா கே" கேக்க துள்ளலா இருக்கும், ட்யூனை விசிலடிச்சுக்கிட்டே போகலாம், ஆனா பேரு ஹிரோஷிமாவுல குண்டு போட்ட விமானத்தோட பேரு, பாட்டுல வர்ற 8:15 அந்தக் குண்டு விழுந்த நேரம். இதைத் தெரிஞ்சுக்கிட்டு திரும்பக் கேளுங்க, அந்த சந்தோஷமான ட்யூனே கஷ்டமா ஆயிடும்.

நியூ ஆர்டரோட "ப்ளூ மண்டே"வை இந்த மூணுக்கும் அப்புறம்தான் போடணும், முன்னாடி போட்டா வேஸ்ட். 1983, ஏழு நிமிஷத்துக்கு மேல, குரல் வரவே ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும். ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் மெஷின்ல கிக் மட்டும் தனியா ஆரம்பிக்குது, ரெண்டு அடி நிதானமா, அப்புறம் எட்டு அடி படபடன்னு, திரும்ப ரெண்டு, திரும்ப எட்டு. அதுக்கு மேல ஒண்ணொண்ணா வந்து சேரும், நடுவுல பீட்டர் ஹூக்கோட பேஸ் கிட்டார், பேஸ் மாதிரி கீழ இல்லாம மேல ஏறி ட்யூன் வாசிக்கும், இத்தனை மெஷினுக்கு நடுவுல அது ஒண்ணுதான் மூச்சு விடுற மாதிரி இருக்கும். பெர்னார்ட் சம்னர் குரல் வரும்போது அழுகையும் இல்ல, கோபமும் இல்ல, மரத்துப் போன ஆள் பேசுற மாதிரி. இவங்களோட பழைய பேண்ட் ஜாய் டிவிஷன் பாடகர் இயான் கர்ட்டிஸ் 1980 மே மாசம் இறந்தாருங்கறது தெரிஞ்சவங்களுக்கு அந்தக் குரல் வேற மாதிரி கேக்கும். இதுக்கு 12 இன்ச் வெர்ஷன், அதாவது பெரிய ரெக்கார்ட்ல வந்த நீள வெர்ஷன்தான் ஒரிஜினலே, சின்னதா வெட்டின வெர்ஷனைத் தொடாதீங்க.

வெர்ஷன் விஷயத்துல பொதுவாவே உஷாரா இருக்கணும். ஸ்ட்ரீமிங்ல தேடினா முதல்ல வர்றது சில நேரம் அதே பாடகர் பல வருஷம் கழிச்சு திரும்பப் பாடின ரெக்கார்டிங்கா இருக்கும், அட்டை ஏதோ "பெஸ்ட் ஆஃப்"னு இருக்கும், சத்தம் பளபளன்னு இருக்கும், ஆனா உயிர் இருக்காது. ஆல்பம் பேரையும் வருஷத்தையும் பாத்து எடுங்க. 12 இன்ச் வெர்ஷன் எல்லாத்துக்கும் நல்லதுன்னு சொல்ல முடியாது, "டெயிண்டட் லவ்"க்கு அந்த கிட்டத்தட்ட 9 நிமிஷ வெர்ஷன் இன்னொரு பழைய பாட்டுக்குள்ள வழுக்கிட்டுப் போகும், அருமையா இருக்கும், ஆனா முதல் தடவை கேக்கறவங்களுக்கு சிங்கிள் போதும்.

கடைசிப் பகுதிக்கு குரல் ஜெயிக்கிற பாட்டா எடுங்க. ஆ-ஹாவோட "டேக் ஆன் மீ", 1984-ல விட்டப்ப போணியாகல, திரும்ப ரெக்கார்ட் பண்ணி 1985-ல விட்டதுதான் நாம கேக்கறது, கோரஸ்ல பாடகர் மார்ட்டன் ஹார்கெட் படிப்படியா ஏறிக்கிட்டே போவாரு. பெட் ஷாப் பாய்ஸோட "வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்" கூட ரெண்டாவது தடவை தயாரிப்பாளர் ஸ்டீபன் ஹேக் கையில செஞ்சப்பதான் அமைஞ்சது. முடிவுக்கு டிபெஷ் மோடோட "என்ஜாய் தி சைலன்ஸ்", 1990. பேண்டுக்குப் பாட்டு எழுதற மார்ட்டின் கோர் இதை ஹார்மோனியத்துல மெதுவான பாட்டா எழுதிக் கொண்டு வந்தாரு, பேண்டுல இருந்த ஆலன் வைல்டர்தான் வேகமான தாளத்துல போட்டுப் பாக்கலாம்னு சொன்னாரு. அதனாலதான் பாட்டு ஓடினாலும் உள்ள அந்த மெதுவான சோகம் அப்படியே உக்காந்திருக்கு.

மொத்தம் 15 பாட்டுக்குள்ள நிறுத்துங்க, ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அடுத்ததைக் கலக்குற க்ராஸ்ஃபேட் போடாதீங்க, ஒவ்வொரு பாட்டும் முடியிற விதமே முக்கியம். இது ஓடினதுக்கு அப்புறம் எது திரும்பத் திரும்பக் கேக்கத் தோணுதோ அந்த ஆல்பத்தை முழுசா எடுங்க: நியூமன் பிடிச்சா பேஸைத் தவிர வேற கிட்டாரே இல்லாத "தி ப்ளெஷர் பிரின்சிபிள்", ஹியூமன் லீக்னா "டேர்", யாஸூன்னா "அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்", ஓஎம்டின்னா "ஆர்க்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி", டிபெஷ் மோடுன்னா நேரா "வயலேட்டர்". க்ராஃப்ட்வெர்க் பிடிச்சவங்க "கம்ப்யூட்டர் வேர்ல்ட்" கேட்டுட்டு டோக்கியோவோட யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா பக்கம் போங்க, "ரைடீன்"ல ஆரம்பிங்க, அதுல பாடவே யாரும் கிடையாது.