விண்டோஸா, லினக்ஸா: வாதிடும் முறை

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்புக்குக் கணினி வாங்கும்போது எந்த இயங்குதளம் பாதுகாப்பானது என்ற வாதம் எழுந்தால், எந்தப் பதிப்பு, யாரிடமிருந்து பாதுகாப்பு என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். குறைகளின் எண்ணிக்கையை மட்டும் சான்றாக ஏற்காமல், திருத்தம் எப்போது வந்தது, எப்போது நிறுவப்பட்டது என்று கேட்க வேண்டும். 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தும், அதை நிறுவாத கணினிகள் ஏராளமாகச் சிக்கின. லினக்ஸ் அன்பர்கள் (நானும் ஒருவன்) மூலநிரல் எவரும் படித்துப் பார்க்கும்படி திறந்திருப்பதையே கவசமாகக் காட்டுவார்கள். ஆனால் இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் திறந்த மூலநிரலான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை ஏறத்தாழ 2 ஆண்டுகள் கிடந்து, 2014இல்தான் வெளிப்பட்டது. மேக்குக்கு வைரஸே வராது என்பவருக்கு 2012இல் மேக் கணினிகளில் பரவிய ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரலை நினைவூட்டினால் போதும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், பழைய கணினிகளை நன்கொடையாகப் பெறுவோர் இந்தத் தேதியைக் கணக்கில் கொள்ளாமல் வாதிடுவதில் பயனில்லை.