மாருதி 800-க்கு வீட்டிலேயே கார்பன் ஃபைபர் பானட்

என் பழைய மாருதி 800-இன் பானட் ஓரமெல்லாம் துருப்பிடித்துப் போனது. அதையே மாதிரியாக வைத்து கார்பன் ஃபைபரில் ஒன்று செய்து மாட்டிவிட்டேன். கோவையில் வீட்டு கார் ஷெட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில், தனி ஆளாகச் செய்த வேலை. இரண்டு முறை கெட்டுப்போய் மூன்றாவதுதான் சரியாக வந்தது. அந்த இரண்டும் ஏன் கெட்டன என்பதைத்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறேன்.

இரும்பு பானட் மேல் கருப்புத் துணியை ஒட்டிப் பளபளப்பாக்குவது வேறு வேலை. இங்கே நான் சொல்வது முழு பானலும் கார்பனாக, துணியை அடுக்கி, வேக்கம் வைத்து ரெசினை (இறுகிக் கெட்டியாகும் பிசின்) உள்ளே இழுக்கும் இன்ஃபியூஷன் முறை.

மோல்டு

மோல்டு என்பது பழைய பானட் மேல் எடுக்கும் அச்சு. அதற்கு முதலில் பானட்டில் துருப்பிடித்த இடங்களுக்குப் பட்டி போட்டுத் தேய்த்து, 2கே பெயின்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது) அடித்து, 1200 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டு பாலிஷ் செய்தேன். இதில் தெரியும் கீறல் ஒவ்வொன்றும் கடைசி பானட்டிலும் தெரியும். சுற்றிலும் 10 செ.மீ. அகலத்துக்கு மைக்கா ஒட்டிய பலகையை வைத்து, இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்தேன். பின்னால் வேக்கம் பை ஒட்ட இந்த ஓரம் கட்டாயம் வேண்டும்.

மெழுகு ஆறு கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட வேண்டும். அதன் மேல் பிவிஏ (ஒட்டாமல் பிரிய உதவும் மெல்லிய படலம்), அப்புறம் ஜெல்கோட் (மோல்டின் வழவழப்பான முகமாகும் கெட்டி ரெசின்) இரண்டு முறை, பிறகு கண்ணாடி இழை மேட்டும் பாலியஸ்டர் ரெசினும். முதல் அடுக்கு மெல்லிய 300 கிராம் (சதுர மீட்டருக்கு) மேட், மேலே 450 கிராம் மேட் ஐந்து அடுக்கு. ஒரு வாரம் விட்டுப் பிரித்தேன்.

பாலியஸ்டர் வேலையில் ஒன்றை மறக்கவே கூடாது. கோபால்ட்டையும் (ரெசின் இறுகுவதை வேகப்படுத்துவது) எம்இகேபி கேட்டலிஸ்டையும் (இறுகலைத் தொடங்கிவைப்பது) நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்குங்கள். அது முடிந்த பிறகுதான் கேட்டலிஸ்ட். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் எம்இகேபி பாட்டிலைத் திறக்காதீர்கள், ஒரு சொட்டு பட்டாலும் கண் போய்விடும்.

துணி அடுக்குவது

நான் எடுத்தது 200 கிராம், 3கே ட்வில் (சாய்வுக் கோடு தெரிய நெய்த) கார்பன் துணி. 3கே என்றால் ஒரு கட்டில் 3000 இழை. வெட்டும் கோட்டில் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் நடுவே வெட்டினால் நூல் பிரியாது.

மோல்டுக்கு மறுபடி மெழுகு. இந்த முறை பிவிஏ வேண்டாம், அது மேற்பரப்பை மங்கலாக்கிவிடுகிறது. துணி இரண்டு அடுக்கு, நடுவில் துளையும் கீறலும் போட்ட 3 மி.மீ. பிவிசி ஃபோம், மேலே மறுபடி இரண்டு அடுக்கு. ஃபோம் எதற்கு என்றால், தகட்டின் தடிமன் இரண்டு மடங்கானால் வளையாமல் நிற்கும் பலம் எட்டு மடங்காகும். எடையோ கொஞ்சம்தான் கூடும். கீல், லாக் வரும் இடங்களில் ஃபோம் கூடாது, அங்கே கூடுதலாக நான்கு அடுக்கு கார்பன். இரும்பு தொடும் பக்கம் ஒரு அடுக்கு கண்ணாடி இழைத் துணி போடுங்கள். கார்பன் நேரடியாக இரும்பிலோ அலுமினியத்திலோ பட்டு ஈரமும் சேர்ந்தால் அந்த உலோகம் வேகமாக அரித்துவிடும்.

அதன் மேல் பீல் ப்ளை (பிறகு உரித்தெடுக்கும் துணி), மெஷ் (ரெசின் ஓட வழிவிடும் வலை), ஸ்பைரல் ட்யூப் (ரெசினைப் பரப்பும் சுருள் குழாய்), கடைசியாக வேக்கம் பை. பையை இழுத்து ஒட்டாமல் ஆங்காங்கே மடிப்பு விட்டு ஒட்டுங்கள். மடிப்பு இல்லையென்றால் மூலைகளில் பை அந்தரத்தில் நின்று, அங்கே வெறும் ரெசின் கட்டிக்கொள்ளும்.

கசிவு: நான் மாட்டிக்கொண்ட இடம்

பம்புக்கு ஏசி சர்வீஸ் ஆட்கள் வைத்திருக்கும் டூ-ஸ்டேஜ் பம்ப்பே போதும். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரெசரிலும் செய்கிறார்கள், ஆனால் இவ்வளவு பெரிய பானலுக்கு அது காற்றை இழுத்து முடிக்க வெகுநேரம் ஆகும், எனக்குப் பிடிக்கவில்லை. கேஜில் கடல் மட்டத்தில் முழு வேக்கம் 29.9 அங்குலம் (பாதரச அளவு). கோவை சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 28.5 வந்தாலே முழுசு. இது தெரியாமல் ஒரு நாள் முழுக்கப் பம்ப்பைச் சந்தேகப்பட்டேன்.

வேக்கம் ஏறியதும் குழாயை கிளாம்ப் போட்டு, பம்ப்பை நிறுத்தி, அரை மணி நேரம் கேஜைப் பார்க்க வேண்டும். முள் அசையக் கூடாது. எனக்குப் பத்து நிமிடத்தில் நான்கு அங்குலம் இறங்கியது. முதல் முறை "பம்ப் ஓடிக்கொண்டேதானே இருக்கும்" என்று ரெசினை விட்டேன். பானட் முழுக்க ஊசி முனை அளவு குமிழிகள். இரண்டாம் முறை சீலிங் டேப்பை முழுவதும் மாற்றி, சத்தம் வரும் இடத்தைக் காது வைத்துத் தேடி அழுத்தினேன். கசிவு குறைந்தது, நிற்கவில்லை. அதுவும் வீண்.

பிறகு ஒரு ஜன்னல் கண்ணாடி மேல் அதே பம்ப், அதே குழாய், அதே டேப்பில் ஒரு பை ஒட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் முள் அசையவில்லை. அப்படியென்றால் ஓட்டை மோல்டில்தான். மோல்டைப் பிரித்த பிறகு அதன் ஓரத்தை கிரைண்டரில் வெட்டியிருந்தேன், அந்த வெட்டிய முகத்தில் மேட்டின் இழைகளுக்கு நடுவே காற்று நுழைந்து, ஜெல்கோட்டில் இருந்த ஒரு நுண்துளை வழியாகப் பைக்குள் வந்திருக்கிறது. பைக்கு வெளியே எவ்வளவு தேடினாலும் இது அகப்படாது. மோல்டின் பின்பக்கத்தைத் தேய்த்து, அங்கேயும் வெட்டிய ஓரத்திலும் எபாக்ஸி (இன்னொரு வகை ரெசின்) இரண்டு கோட் பூசினேன். மறுநாள் முள் நின்றது.

எனவே முதலில் கண்ணாடியில் ஒரு சோதனை, அடுத்து துணி இல்லாத வெறும் மோல்டில் ஒரு சோதனை, அதன் பிறகே துணியை வெட்டுங்கள்.

ரெசின்

கல்லூரி லேப்களில் பழகிய எல்ஒய் 556 எபாக்ஸி, எச்ஒய் 951 ஹார்டனர் ஜோடி கையால் பூசுவதற்கு நல்லது. இன்ஃபியூஷனுக்கு அது தேன் மாதிரி கெட்டி, மெஷில் ஓடாது. இன்ஃபியூஷனுக்கென்றே விற்கும் நீர்த்த எபாக்ஸியும் ஸ்லோ ஹார்டனரும் வாங்குங்கள். அளவை எடை போட்டுத்தான் எடுக்க வேண்டும். சூடு 10 டிகிரி கூடினால் வேலை நேரம் ஏறக்குறைய பாதியாகும், அதனால் நான் காலை 6 மணிக்கே தொடங்கிவிடுவேன். துணியின் எடைக்குச் சமமான ரெசின், கூடவே மெஷும் குழாயும் குடிப்பதற்கு சதுர மீட்டருக்கு 600 கிராம். பம்ப்புக்கு முன்னால் ரெசின் ட்ராப் (மிகை ரெசின் பம்ப்புக்குள் போகாமல் பிடிக்கும் பாத்திரம்) இல்லாமல் தொடங்காதீர்கள். மக்கில் மீந்த ரெசினை அப்படியே விட்டால் தானாகச் சூடேறிப் புகையும், அகலமான தட்டில் ஊற்றி வெளியே வையுங்கள்.

பிரித்த பிறகு வெட்டுவதும் தேய்ப்பதும் தண்ணீர் விட்டுத்தான், மாஸ்க்கும் வேண்டும். கார்பன் தூசி மின்சாரம் கடத்தும், சார்ஜர், லேப்டாப் பக்கம் போகாமல் பாருங்கள். கடைசியில் யுவி தாங்கும் 2கே கிளியர் கோட். அது இல்லையென்றால் வெயிலில் எபாக்ஸி மஞ்சளாகிவிடும். முன்னால் இரண்டு பானட் பின் (பானட்டைப் பிடித்துவைக்கும் கூடுதல் பூட்டு) கட்டாயம் போடுங்கள், ஓட்டும்போது பானட் எழும்பினால் எதிரே எதுவும் தெரியாது.

பிறகு சேர்த்தது: வெயிலில் நிறுத்திய பிறகு துணியின் பின்னல் மேலே தடம் தடமாகத் தெரிகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். அறைச் சூட்டில் மட்டும் இறுகிய எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், கருப்பு பானட் மதிய வெயிலில் அதைத் தாண்டிவிடும். மோல்டிலிருந்து பிரிப்பதற்கு முன்பே, ப்ளைவுட் பெட்டிக்குள் ஹாட் ஏர் ப்ளோயர் வைத்து, மணிக்கு 10 டிகிரி வீதம் 60 வரை ஏற்றி, 8 மணி நேரம் வைத்து, அதே வேகத்தில் இறக்குங்கள். அந்த நேரம் முழுக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தடம் விழுந்துவிட்ட பானலையும் மோல்டில் திரும்ப வைத்து இப்படியே சூடாக்கி, பிறகு தேய்த்துப் புதிதாகக் கிளியர் அடித்தால் சரியாகிறது. அந்த மூவரில் ஒருவர் அப்படிச் செய்து படம் அனுப்பியிருந்தார், தடம் போயிருந்தது.