போகிக்கு முன் பரணைக் காலி செய்வது எப்படி

பரணை ஒழிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் போகிக்கு முந்தின நாள்தான் ஏணியை எடுக்கிறார்கள். அன்று பழைய பேப்பர்காரர் வரமாட்டார், பாத்திரக் கடையில் நிற்க இடமிருக்காது. இறக்கியதெல்லாம் கூடத்தில் கிடக்கும். பொங்கலுக்கு ஆள் வருவதற்குள் அவசர அவசரமாக எல்லாம் மறுபடி மேலே ஏறிவிடும். மார்கழி பிறந்ததும் தொடங்கினால் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கிடைக்கும். ஒரு ஞாயிறுக்கு ஒரு பரண், அதுவும் இரண்டு மணி நேரம் போதும். களைத்தபின் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ‘இருக்கட்டும், பார்க்கலாம்’ என்றுதான் தோன்றும்.

எதையும் இறக்குவதற்கு முன்பே, எது எங்கே போகப்போகிறது என்று முடிவு செய்துவிடுங்கள். பரண் ஒழிப்பு தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பேப்பர்காரரிடம் நாள் கேட்டு வையுங்கள். துணி கொடுக்க நினைக்கும் இல்லத்துக்குப் போன் செய்து, என்ன வாங்கிக்கொள்வார்கள் என்று கேளுங்கள். கிழிந்ததையும் துவைக்காததையும் அனுப்பினால் அதை அகற்றும் வேலை அவர்கள் தலையில் விழும். இறக்கிய சாமான் 48 மணி நேரத்துக்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும்.

ஏணியை ஒருவர் பிடிக்க, ஒருவர் ஏறட்டும். முகக்கவசம் கட்டாயம். எலிப் புழுக்கை இருந்தால் வறண்டபடி பெருக்காதீர்கள். கிருமிநாசினி தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கீழே நான்கு பழைய போர்வைகளை விரியுங்கள்: தங்குவது, கொடுப்பது, விற்பது, குப்பை. முடிவு வராதவற்றுக்கு ஒரே ஒரு அட்டைப்பெட்டி. அதன்மேல் ‘மார்கழி’ என்று எழுதி ஒட்டுங்கள். ஆனி வரை யாரும் அதைத் திறக்கவில்லை என்றால், உள்ளே இருப்பது வீட்டுக்குத் தேவையில்லை.

பாத்திரங்கள்தான் பெரிய வேலை. நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பத்துத் தட்டு, பத்துத் தம்ளர் இருந்தால் விருந்தாளிக்கும் சேர்த்துக் காணும். ஐம்பது பேருக்குச் சமைக்கும் அண்டா வருடத்தில் ஒரு நாள்தான் இறங்குகிறது என்றால், அந்த ஒரு நாளுக்கு வாடகைப் பாத்திரக் கடை போதும். பொங்கல் பானை, கொலு பொம்மைப் பெட்டி போல ஆண்டுதோறும் தவறாமல் இறங்குபவற்றை ஒழிக்க வேண்டியதில்லை.

விற்பதற்கு முன் உலோகத்தைப் பிரித்து வையுங்கள். தட்டிப் பாருங்கள்: வெண்கலம் மணிபோல நீண்டு ஒலிக்கும், பித்தளையின் ஓசை சீக்கிரம் அடங்கும். வெண்கலத்துக்கு விலை அதிகம், இரண்டையும் ஒரே சாக்கில் போட்டால் பித்தளை விலைக்குத்தான் போகும். மங்கிய வெள்ளை நிறத்தில் மெத்தென்று இருக்கும் ரசச் சொம்பை அலுமினியம் என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள். அது வெள்ளீயம், அலுமினியத்தைவிடப் பல மடங்கு விலையுள்ளது. (அதை வெறுமையாக அடுப்பில் வைத்தால் 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் கூட்டி ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும்.) இரும்புக் கைப்பிடிகளை நீங்களே கழற்றி, வீட்டுத் தராசில் எடை போட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். புதுப் பாத்திரத்துக்கு மாற்றுவதாக இருந்தால், பழையதற்கு என்ன விலை, புதியதற்கு என்ன விலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘இதைக் கொடுத்தால் இது’ என்று மொத்தமாகப் பேசும்போதுதான் ஏமாறுகிறோம்.

பெயர் வெட்டிய சீர்ப் பாத்திரங்களை, அவற்றுக்கு உரியவர் இல்லாத நேரத்தில் விற்காதீர்கள். பாட்டியின் பெயருள்ள பத்துப் பாத்திரம் பரணில் கறுத்துக் கிடப்பதைவிட, ஒன்று தினமும் காபிக்கு இறங்குவது அவருக்குச் செய்யும் மரியாதை. அம்மாவோ மாமியாரோ உடன் உட்கார்ந்து, அந்த ஒன்றை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

டிரங்குப் பெட்டியில் காகிதம் இருந்தால் கட்டாகத் தூக்கிப் போடக் கூடாது, ஒவ்வொரு தாளாகப் பாருங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் கரையான் ஏறாத இரும்பு அலமாரிக்குப் போகட்டும். அவற்றை லேமினேஷன் செய்ய வேண்டாம், பின்னால் முத்திரை வைக்க முடியாமல் போகும். வழவழப்பான கடை ரசீதுகளில் எழுத்து மங்கிவிடும் என்பதால், உத்தரவாதம் உள்ளவற்றை நகலெடுத்து வையுங்கள். ஆதார் நகல்களைக் கிழித்த பிறகே பேப்பர்காரரிடம் கொடுக்கவும். பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் கிலோ விலைக்குப் போடுவதற்கு முன், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள். அந்த நூலகமே கோட்டையூரில் ஒருவர் சேர்த்து வைத்த பழைய நூல்கள், இதழ்களிலிருந்து 1994-இல் உருவானதுதான்.

பழைய படக்குழாய் டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக் கம்பிக்காக அதை உடைப்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். உப்பிய போன் பேட்டரி இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

எரிப்பது ஒழிப்பு ஆகாது. பாலியஸ்டர் துணி, டயர், பிளாஸ்டிக் எல்லாம் நச்சுப் புகையாகிப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள் போகின்றன. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் இறங்க வேண்டிய விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட நேர்ந்தது. சடங்குக்கு ஒரு பழைய ஓலைப்பாய் போதும்.

மேலே திரும்ப ஏற்றும்போது மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் எண் எழுதி, எதில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். இனி புதுக் குக்கர் வாங்கினால் அது வந்த அட்டைப்பெட்டி பரணுக்குப் போகக் கூடாது. உத்தரவாத அட்டையை எடுத்துக்கொண்டு, பெட்டியை அன்றே மடித்துப் பேப்பர் கட்டில் சேர்த்துவிடுங்கள்.