இன்ஜினை முன்னால் மாட்டுங்கள்: ஆஸ், தேன், பிகாஸ், ஆல்தோ பழகும் வழி

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாலை ஆறரைக்கு மேல் ஏழெட்டுப் பேர் இங்கிலீஷ் பழக வருகிறார்கள். எல்லோரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் தம்பி ஒருவர் போன வாரம் நோட்டில் இப்படி எழுதியிருந்தார்: "டுடே ஃபிஷ் இஸ் சீப் தேன் எஸ்டர்டே." அதற்குக் கீழேயே, "ஆல்தோ ரெய்ன் இஸ் கமிங், பட் போட் வென்ட்."

சொல்ல வந்தது முழுக்கப் புரிகிறது: நேற்றைவிட இன்று மீன் மலிவு, மழை பெய்தாலும் படகு போனது. ஆனால் இரண்டிலும் பிழை இருக்கிறது. அந்தப் பிழைகள் தமிழ் வாக்கியம் கட்டப்படும் விதத்திலிருந்து நேராக வந்தவை. அதனால் தமிழிலிருந்தே தொடங்கித் திருத்துவோம்.

படி 1: தமிழில் வாலைக் கண்டுபிடியுங்கள்

"மழை பெய்ததால் படகு போகவில்லை." இதில் காரணத்தைக் காட்டுவது எது? "பெய்ததால்" என்பதன் கடைசியில் ஒட்டியிருக்கும் "ஆல்". வந்தபோது, பெய்தாலும், வருவான் என்று, போவதற்கு முன் என எதை எடுத்தாலும் இணைக்கிற சொல் குட்டி வாக்கியத்தின் வாலில்தான் இருக்கும். இங்கிலீஷில் அது தலையில் இருக்கும்.

சென்ட்ரலுக்குள் வந்து நிற்கிற எக்ஸ்பிரஸைப் பார்த்திருப்பீர்கள். அது வந்த வழியே திரும்ப வேண்டுமென்றால் இன்ஜினைக் கழற்றி, மறுமுனையில் ஒரு இன்ஜினை மாட்டுவார்கள். பெட்டிகள் அப்படியே இருக்கும். அதே வேலையைத்தான் நாமும் செய்யப்போகிறோம். "ஆல்" என்ற வாலைக் கழற்றி, "பிகாஸ்" என்று தலையில் மாட்டுங்கள்: "பிகாஸ் இட் ரெய்ன்ட், த போட் டிட் நாட் கோ."

"போது" என்றால் வென். "முன்" என்றால் பிஃபோர். "என்று" என்றால் தட். "ஆலும்" மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. மழை உண்மையிலேயே பெய்தது, அப்படியும் போனார்கள் என்றால் ஆல்தோ. பெய்யுமோ பெய்யாதோ, பெய்தாலும் போவோம் என்றால் ஈவன் இஃப். தமிழில் இரண்டுக்கும் "பெய்தாலும்" என்றே சொல்லிவிடுகிறோம், அதனால் குழப்பம் வருகிறது.

படி 2: ஒரு இணைப்புக்கு ஒரே இன்ஜின்

பேச்சில் நாம் "மழை பெஞ்சாலும், ஆனா படகு போச்சு" என்று இரண்டு இணைப்பையும் சேர்த்தே போடுகிறோம். இங்கிலீஷில் ஒன்றுதான். ஒன்று "ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், த போட் வென்ட் அவுட்" என்று எழுதுங்கள், இல்லை "இட் வாஸ் ரெய்னிங், பட் த போட் வென்ட் அவுட்" என்று எழுதுங்கள். பிகாஸ் போட்டால் ஸோ வேண்டாம் என்பதும் இதே கணக்கு.

படி 3: ஒப்பிடுவது

இங்கேதான் நிதானமாகப் போக வேண்டும்.

"நேற்றைவிட இன்று மீன் மலிவு." நேற்றை எடுத்துவிட்டால் "இன்று மீன் மலிவு." இரண்டு வாக்கியத்திலும் "மலிவு" மாறவே இல்லை. ஒப்பிடும் வேலை முழுவதையும் "விட" ஒன்றே சுமக்கிறது. இங்கிலீஷில் அந்தச் சுமையை இரண்டு இடத்தில் பிரித்து வைக்கிறார்கள். முதலில் சீப் என்பது சீப்பர் ஆக வேண்டும், அப்புறம்தான் தேன். "ஃபிஷ் இஸ் சீப்பர் டுடே தேன் எஸ்டர்டே." நம் தம்பி "விட"வை மட்டும் மொழிபெயர்த்தார். அதனால்தான் சீப் அப்படியே நின்றுவிட்டது.

சின்னச் சொல்லுக்கு வாலில் "அர்": ஓல்டர், ஃபாஸ்டர். நீளமான சொல்லுக்கு முன்னால் மோர்: மோர் எக்ஸ்பென்ஸிவ். இரண்டையும் சேர்த்து "மோர் சீப்பர்" என்று சொல்லக் கூடாது. ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது, சென்ட்ரல் 1873இல். "ராயபுரம் ஸ்டேஷன் இஸ் ஓல்டர் தேன் சென்ட்ரல்." இதைப் பத்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஓல்டரும் தேனும் ஜோடியாக நாக்கில் உட்காரும்.

சமமாக இருந்தால் ஆஸ் இரண்டு முறை வரும். "ஷீ ரன்ஸ் ஆஸ் ஃபாஸ்ட் ஆஸ் ஹெர் பிரதர்." அண்ணன் அளவு வேகமாக ஓடுகிறாள். முதல் ஆஸ் ஒரு அட்வெர்ப் (வினையடை), "அந்த அளவு" என்று அளக்கிறது. இரண்டாவது ஆஸ் கன்ஜங்ஷன் (இணைப்புச் சொல்), எதோடு அளக்கிறோம் என்பதைத் திறந்து காட்டுகிறது. ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. ஆல்ஸோ என்ற சொல்லே பல நூற்றாண்டுகள் வாயில் தேய்ந்து ஆஸ் ஆனது. அதேபோல் தேனும் தென்னும் ஒரு காலத்தில் ஒரே சொல்தான். இன்று இங்கிலீஷ் ஏ எழுத்து போட்டால் ஒப்பிடும் தேன், ஈ எழுத்து போட்டால் "அப்புறம்" என்னும் தென். எழுதும்போது இதில் சறுக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை, அதனால் எழுதி முடித்ததும் அந்த ஒரு எழுத்தைத் திரும்பப் பாருங்கள்.

தேனுக்குப் பின்னால் ஒரு முழு வாக்கியம் ஒளிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். "ஷீ ஹெல்ப்ஸ் ஹிம் மோர் தேன் மீ" என்றால் என்ன? எனக்கு உதவுவதைவிட அவனுக்கு அதிகம் உதவுகிறாளா, நான் அவனுக்கு உதவுவதைவிட அவள் அதிகம் உதவுகிறாளா? "என்னைவிட அவனுக்கு அதிகம் உதவுகிறாள்" என்று தமிழில் சொன்னாலும் இதே சந்தேகம் வரும். ஒளிந்திருப்பதில் ஒரு துண்டை வெளியே எடுத்துவிட்டால் தீர்ந்தது. "தேன் ஷீ ஹெல்ப்ஸ் மீ" என்றால் முதல் பொருள், "தேன் ஐ டூ" என்றால் இரண்டாவது. "தேன் ஐ" சரியா, "தேன் மீ" சரியா என்று இலக்கணக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே வாதாடுகிறார்கள். பேச்சில் தேன் மீ தாராளமாகச் சொல்லலாம். இன்டர்வியூவில் "தேன் ஐ டூ" என்று முடித்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

"ராயபுரம் வாடகை அண்ணா நகரைவிடக் குறைவு" என்பதும் இப்படித்தான். வாடகையை ஊரோடு ஒப்பிடக் கூடாது. "ரென்ட்ஸ் ஆர் லோயர் இன் ராயபுரம் தேன் இன் அண்ணா நகர்." அந்த இரண்டாவது "இன்" விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஸோ வந்தால் தட் வரும்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் நடக்க முடியாத அளவுக்குக் கூட்டம். தமிழில் விளைவு முன்னால் வருகிறது, கூட்டம் கடைசியில். இங்கிலீஷில் தலைகீழ்: "த ரோடு வாஸ் ஸோ கிரௌடட் தட் வி குட் நாட் வாக்." ஸோ கூட்டத்தை அளக்கிறது, தட் விளைவைக் கூட்டிவருகிறது. தட்டுக்குப் பின்னால் வருவதை முதலில் தமிழில் யோசித்து வைத்துக்கொண்டால் வாக்கியம் நடுவில் நிற்காது.

"போல" என்றால் லைக். "ஷீ டாக்ஸ் லைக் எ டீச்சர்" என்றால் டீச்சர் போலப் பேசுகிறாள், அவள் டீச்சர் இல்லை. "ஷீ ஒர்க்ஸ் ஆஸ் எ டீச்சர்" என்றால் டீச்சராகவே வேலை பார்க்கிறாள். இப்போதைக்கு இது போதும்.

படி 5: இன்ஜின் மாட்டியபின் பெட்டிகளைச் சரிபாருங்கள்

"வேர் இஸ் த பஸ்?" என்பது கேள்வி. அதையே இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்தால் கேள்வியின் வரிசை போய்விடும்: "ஐ டோன்ட் நோ வேர் த பஸ் இஸ்." இஸ் கடைசிக்குப் போய்விட்டதா என்று பாருங்கள்.

"அவர் வரும்போது சொல்கிறேன்" என்பதற்கு "வென் ஹி வில் கம்" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். நேரம் சொல்லும் வென்னுக்குப் பின்னால் வில் வராது. "வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்."

பயிற்சி

கையால் மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள்.

வியாசர்பாடி பையன்கள் எங்களைவிட வேகமாக ஓடுகிறார்கள்.
"த பாய்ஸ் ஃப்ரம் வியாசர்பாடி ரன் ஃபாஸ்டர் தேன் வி டூ."

மீன்பிடித் தடைக்காலம் முடியும்போது மீன் மலிவாகும். (ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் காசிமேட்டில் எல்லோரும் சொல்கிற வாக்கியம் இது.)
"வென் த பேன் எண்ட்ஸ், ஃபிஷ் வில் பிகம் சீப்பர்."

அடுத்த மெட்ரோ எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது.
"ஐ டோன்ட் நோ வென் த நெக்ஸ்ட் மெட்ரோ வில் கம்."

கடைசியில் மட்டும் வென்னுக்குப் பின்னால் வில் வந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். "வரும்போது" என்ற வென்னுக்கு வில் கிடையாது. "எப்போது வரும்" என்ற வென்னுக்கு உண்டு. சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள், உங்கள் காதே பிரித்துக் கொடுத்துவிடும்.